லோங்காங்குக்கு அந்தப் பக்கத்து அக்கா

பத்து பாகாட்டில் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, கொஞ்சம் பள்ளத்தில் இருக்கிறது. எல்லாம் வரிசை வீடுகள். ஒரு வரிசையின் அடுப்படியும் பின் வரிசையின் அடுப்படியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் லோங்காங், சாக்கடைக் கால்வாய், ஓடும். ஓடும் என்று சொல்வதே அதற்கு மரியாதை. பாதி நாள் கறுப்பாகத் தேங்கிக் கிடக்கும். மழை அடித்தால் மட்டும் அதற்கு உயிர் வந்து நேராக எங்கள் அடுப்படிக்குள் ஏறிவிடும்.

நான் பயந்த சுபாவம். இரண்டாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் துணி ஃபேக்டரிக்குப் போனவள், இப்போது வீட்டில் தையல். வானம் லேசாக இருட்டினாலே அரிசி டின்னை மேசைமேல் ஏற்றுவேன், தையல் மெஷின் மோட்டாரைக் கழற்றுவேன், கேஸ் தோம்பு மிதந்துவிடுமோ என்று அதைக் கயிறு போட்டுக் கட்டுவேன். வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். “மேகம் இன்னும் மூவார்லதான் நிக்குது, இவளுக்கு இங்க வயித்தக் கலக்கிடுச்சு” என்பார்.

அந்த லோங்காங்கின்மேல் ஒரு பலகை கிடந்தது. பழைய லோரித் தட்டிலிருந்து அவர்தான் கழற்றிக் கொண்டுவந்து போட்டார். பலகைக்கு அந்தப் பக்கம் அக்காவின் வீடு. கூடப் பிறந்தவர் இல்லை; நாங்கள் குடிவந்த மறுநாளே பலகை இல்லாமலேயே தாண்டி வந்து, “உப்பு இருக்கா புள்ள, இல்லாட்டி நான் தரவா?” என்று கேட்டவர். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், சிங்கப்பூரில் வேலை. எல்லை ஊரான ஜேபியில் வீடு எடுத்துக்கொண்டு விடிவதற்கு முன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போகிறவர். அம்மாவைக் கூட வந்து இருக்கச் சொல்லி எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அந்த மாடி வீட்டில் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று அக்கா அசையவில்லை.

அக்காவுக்கு இனிப்பு நீர். கண்ணும் மங்கிவிட்டது. பேனா மாதிரி இருக்கும் அந்த இன்சுலின் ஊசியில் மருந்தளவு எண்ணைத் திருகி வைப்பது என் வேலை. காலையில் பலகையைத் தாண்டிப் போவேன், திருகுவேன், வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பேன், மறுபடியும் பார்ப்பேன். “நீ பாத்து முடிக்கறதுக்குள்ள எனக்கு மத்தியான ஊசிக்கு நேரமாயிடும்” என்பார். மத்தியான ஊசியே கிடையாது. அதற்குப் பிறகும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பலகையில் நடந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ரசம் கொடுக்க, மல்லித்தழை வாங்க, ஒன்றும் இல்லாமல் சும்மா எட்டிப் பார்க்க. அவர் தனியாக அந்த வீட்டில் இருக்க முடிந்தது இதனால்தான். மகனும் அந்தத் தைரியத்தில்தான் விட்டு வைத்திருந்தார்.

கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று அறிவிப்புப் பலகை நட்டபோது தாமானே சந்தோஷப்பட்டது. நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். பின்பக்கம் இழுத்துக் கட்டியிருந்த கூரையை வெட்டச் சொன்னார்கள், வெட்டிக் கொடுத்தோம். மண் தோண்டும் இயந்திரம் வந்தது. என் கறிவேப்பிலை போனது, அக்காவின் பப்பாளி போனது. போகட்டும், வெள்ளம் வராதே என்றிருந்தது.

எங்கள் நடைப் பலகையைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றியபோது ஆளை முழுங்கும் ஆழத்துக்குத் தோண்டியாகிவிட்டது. பார்வையிட வந்த அதிகாரியிடம் என் அரைகுறை மலாயில் கேட்டேன். நல்ல மனிதர்தான். தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள், இரண்டு பக்கமும் வேலி வரும், அங்கங்கே பாலம் போட அனுமதி இல்லை, பெரிய ரோட்டைச் சுற்றிப் போகலாம்தானே என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

வேலி வந்தது, என் தலைக்கு மேல். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. நடுவில் வெள்ளை வெளேரென்று சிமெண்டுக் கால்வாய். வீட்டுக்காரர், “ஜெயில்ல பாக்க வந்த மாதிரி நிக்கிறீங்க ரெண்டு பேரும்” என்று சிரித்தார். அக்காவும் சிரித்தார்.

காலை ஊசிக்குச் சுற்றிக்கொண்டு போனேன். எங்கள் வரிசையின் முனைவரை போய், லோரிகள் பறக்கும் பெரிய ரோட்டோரமாக நடந்து, அவர்கள் வரிசை முழுக்கத் தாண்டிப் போக வேண்டும். முனையில் நாய்கள் வேறு. காலையில் ஒரு தடவை போய் வருவதற்கே முட்டி பிடித்துக்கொண்டது. நினைத்த நேரத்தில் எட்டிப் பார்ப்பது நின்றது. கவலை மட்டும் நிற்கவில்லை.

அதற்கு அக்காவே ஒரு வழி சொன்னார். எங்கள் வீடுகளில் சாயங்காலம் விளக்கு வைக்கும்போது பின்கதவைச் சாத்திவிடுவோம். முன்வாசலில் வருகிற லட்சுமி பின்பக்கமாகப் போய்விடக் கூடாது. விளக்கு ஏற்றிக் கும்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திறப்போம். “விளக்கு வச்சிட்டுக் கதவத் திறப்பேன். தொறந்திருந்தா நான் உசுரோட இருக்கேன்னு வச்சுக்க” என்றார் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. அப்படிப் பேசாதீங்க என்று நான் கோபப்பட்டேன். ஆனால் தினமும் அந்தக் கதவைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

கால்வாய் முடிந்து முதல் பெரிய மழை ஒரு சாயங்காலம் வந்தது. நான் வழக்கம்போல அரிசி டின்னை ஏற்றிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு கீழே, வெகு கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரு சொட்டு மேலே வரவில்லை. பக்கத்து வீடுகளிலும் எல்லாரும் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மழையை மழையாகப் பார்த்தேன்.

அக்காவின் கதவு சாத்தியிருந்தது. விளக்கு வைக்கிற நேரம், சரிதான் என்று உள்ளே வந்தேன். மறுபடி போய்ப் பார்த்தேன். சாத்தியேதான் இருந்தது. “இந்தச் சாரலில எவ கதவத் தொறந்து வைப்பா” என்றார் வீட்டுக்காரர். அதுவும் சரியாகத்தான் பட்டது. போன் போட்டேன். எடுக்கவில்லை. அக்கா எப்போதும் போனை முன் ரூமில் சார்ஜில் போட்டு விட்டுவிடுவார். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.  இருந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முன்வாசல் கிரில் பூட்டியிருந்தது. கூப்பிட்டேன், தட்டினேன். மழைச் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. என்னிடம் ஒரு சாவி இருந்தது, பின்கதவுச் சாவி. நான் பின்பக்கமாகவே வந்து போனவள் என்பதால் அக்கா கொடுத்து வைத்தது. முன்வாசல் சாவி ஜேபியில் மகனிடம். அக்காவின் பக்கத்து வீட்டு மலாய்க்காரர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுகிறவர், என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார். செருப்புச் சேற்றோடு அவர் அடுப்படி வழியாகப் பின்னால் போய், அவர் கைப்பிடிக்கக் குட்டைச் சுவரைத் தாண்டிக் குதித்தேன்.

கதவைத் திறந்தால், கதவுக்குப் பக்கத்திலேயே தரையில் அக்கா. விளக்கு வைப்பதற்காகக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவர், சாரல் தெறித்திருந்த தரையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு. எவ்வளவு நேரமாகக் கிடந்தாரோ. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். கை ஜில்லென்றிருந்தது.

“விளக்கு வைக்கல புள்ள” என்றார்.

பாக்சிக் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அது வரும்வரைக்கும் அக்கா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்குவதற்கு முன்னால் நான் ஓடிப்போய் விளக்கை ஏற்றிவிட்டு வந்து சொன்னேன். அதற்குப் பிறகுதான் கண்ணை மூடிப் படுத்தார்.

ஆப்பரேஷன் நடந்தது. மகன் லீவு போட்டு வந்து ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். இனி அம்மாவை ஜேபிக்கே கூட்டிப் போகிறேன், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றார். அக்கா அவரிடம் வாதாடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு. பாத்துக்கறேன்னு நீ சொன்னா இவன் கேப்பான்.”

மகனும் என்னைப் பார்த்தார். “சொல்லுங்க ஆன்ட்டி. உங்களால முடியும்னா நான் விட்டுட்டுப் போறேன்” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

எனக்கு அந்த வெள்ளைக் கால்வாய் தெரிந்தது, வேலி தெரிந்தது, சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் நிற்கிற நானும் தெரிந்தேன். அக்காவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.   அக்கா என் கையை இரண்டு தடவை தட்டிக் கொடுத்தார், நான்தான் படுத்துக் கிடக்கிற மாதிரி.

கிளம்புகிற அன்று அக்காவும் மகனும் சாமான் எடுக்க வந்தார்கள். முட்டி வலியோடு சுற்றி வராதே, உன் வாசல் பக்கமாகப் போகச் சொல்கிறேன், வெளியே நில் என்று மகன் போனிலிருந்து அக்கா சொன்னார். நின்றேன். கார் மெதுவாக எங்கள் ரோட்டில் வந்தது. என்னைத் தாண்டிப் போனது. இரண்டு வீடு தள்ளி, சீனர் வீட்டு வாசலில் போய் நின்றது. கண்ணாடி இறங்கி, அக்காவின் கை வெளியே வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்து ஆடியது.

ஓடினேன். “அக்கா, அது இல்ல. அங்க, அந்தப் பச்ச கேட்டு.”

அவர் கழுத்தைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. தீபாவளிக்குக்கூடப் பலகாரத் தட்டோடு பின்பக்கமாகத்தான் வந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் என் வீட்டு முன்பக்கத்தை அவர் பார்க்க வேண்டி வந்ததே இல்லை.

“எனக்கு உன் அடுப்படிதானே புள்ள தெரியும்” என்றார்.

பின்னால் எடுக்கவா என்று மகன் கேட்டார். அதற்குள் ஒரு பள்ளிக்கூட வேன் வந்து காருக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தது. “பரவால்ல, போலாம்” என்றார் அக்கா.

கார் முனையில் திரும்பும்வரை அந்தச் சீனர் வீட்டு வாசலிலேயே நின்றேன்.