‘மஸ்ட் நாட்’ என்றால் கூடாதா?

கொரோனா ஓய்ந்த பிறகு வந்த ஒரு குளிர்காலம். எனக்கு ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் வேலை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் எங்கள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை விடக் கொஞ்சம்தான் கூட எடை. மனைவியோ ஆபரேஷன் ஆகி, பிரஷர் இறங்காமல், இரண்டு மாடி கீழே எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். குழந்தைக்குப் பக்கத்தில் நிற்க நான் ஒருத்தன்தான்.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் நான் அடித்த கூத்து புரியும். கார் பிரேக்குக்கான மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆங்கிலத்தில் விதி எழுதுவதுதான் என் பிழைப்பு. ‘ஷல்’ என்றால் செய்தே ஆக வேண்டும். ‘ஷுட்’ என்றால் செய்தால் நல்லது. ‘மே’ என்றால் உங்கள் இஷ்டம். ‘மஸ்ட் நாட்’ என்றால் கூடவே கூடாது. யாராவது இதில் ஒன்றை மாற்றிப் போட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆபீஸ் தமிழ் நண்பர்கள் எனக்கு வைத்த பெயரே வாத்தியார்தான். ஜெர்மன் மொழியோ எனக்கு ரொட்டிக் கடையோடு சரி.

குழந்தை பிறந்த மறுநாள், அந்த வார்டின் ஜெர்மன் நர்ஸ் ஒருவர் இன்குபேட்டருக்குப் பக்கத்திலிருந்த சாய்வு நாற்காலியைக் காட்டினார். சட்டையைக் கழற்றிவிட்டு அதில் சாய்ந்துகொண்டால், குழந்தையை எடுத்து நெஞ்சின் மேல் போடுவார்கள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். குறைமாதக் குழந்தைக்கு அது அவ்வளவு நல்லதாம். மூக்கிலும் காலிலும் ஒயர்களோடு கிடந்தவளைப் பார்த்தேன். என் கை வெடவெடவென்று நடுங்கியது. நர்ஸ் அதைக் கவனித்துவிட்டார். என் தோளைத் தொட்டு, “யூ மஸ்ட் நாட்” என்று சொல்லிச் சிரித்தார்.

கூடாது என்று சொல்லிவிட்டார். இந்த லட்சணத்தில் கை இருந்தால் யார்தான் பிள்ளையைக் கொடுப்பார்கள் என்று நானும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அடுத்த நாளும் அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. மறுபடியும் அதே வார்த்தை, அதே சிரிப்பு. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. தடுக்கிறவர் எதற்கு இவ்வளவு அன்பாகச் சிரிக்க வேண்டும் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

கீழே போனால் மனைவி கேட்பது ஒன்றே ஒன்றுதான், பாப்பாவைத் தூக்கினீர்களா என்று. கூடாது என்கிறார்கள் என்றேன். இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன் என்று கெஞ்சினாள். மஸ்ட் நாட்டுக்கு மேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது, தினமும் அதைத்தானே எழுதிக் கிழிக்கிறேன் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெற்றவர்களின் உடம்புச் சூடே தெரியாமல் மேலே எங்கள் பிள்ளை கிடந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் வேறொரு நர்ஸ் வந்தார். லீவு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஃபைலில் என் பெயரைப் பார்த்துவிட்டு நேராகத் தமிழிலேயே ஆரம்பித்தார். முகம் அவ்வளவு சரியாக இல்லை.

“அண்ணை, பிள்ளையைத் தூக்க உங்களுக்கு விருப்பம் இல்லையோ?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா இன்னும் தயாராக இல்லை, வற்புறுத்த வேண்டாம் என்று மூன்று நாளாக ஃபைலில் எழுதி வைத்திருக்கிறார்களாம். உங்கள் நர்ஸ்தானே தூக்கக்கூடாது என்றார் என்று நான் குரலை உயர்த்தினேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

“அவ என்னெண்டு சொன்னவ? ஏலாது எண்டோ, கூடாது எண்டோ, தேவையில்லை எண்டோ?”

மஸ்ட் நாட் என்றார் என்று முனகினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஜெர்மனில் ‘முஸ் நிஷ்ட்’ என்றால் கட்டாயம் இல்லை என்றுதான் அர்த்தமாம். அந்த நர்ஸ் அதை அப்படியே ஆங்கிலமாக்கிவிட்டார். பயமாக இருந்தால் பரவாயில்லை, இன்றைக்கே செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை என்று அந்த அம்மா மூன்று நாளாக எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். நான்தான் அதைத் தடை என்று நினைத்துக் கைகட்டி நின்றிருக்கிறேன்.

அப்படியானால் நான் தூக்கலாமா என்று கேட்டேன்.

“தூக்கலாம் அண்ணை. சட்டையைக் கழட்டுங்கோ.”

மகளை என் நெஞ்சில் வைத்தார்கள். அவள் முதுகு முழுவதும் என் உள்ளங்கைக்குள் அடங்கியது. கை அப்போதும் நடுங்கத்தான் செய்தது, யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முதலில் படபடவென்று அடித்துக்கொண்ட அவள் நெஞ்சு, கொஞ்சம் கொஞ்சமாக என் மூச்சோடு சேர்ந்து அடங்கியது. அவள் இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் தாறுமாறாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த எண்களும் நிதானத்துக்கு வந்தன. யாரும் ஊசி போடவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. வெறும் உடம்புச் சூடு. நான் மலைத்துப்போனேன். இவ்வளவு பெரிய காரியம் என்னிடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாதே! அழுகை வந்தது, அழுதேன்.

மதியம் வேலைக்கு வந்த ஜெர்மன் நர்ஸ் விஷயத்தைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. மறுநாள் மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தபோது, அவரே வாசலில் நின்று, “தூக்லாம், தூக்லாம்” என்று வரவேற்றார். காலையிலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டிருந்தாராம்.

இப்போது என் மகள் வீடு முழுக்க ஓடுகிறாள். ஆபீசில் இன்றும் ‘மஸ்ட் நாட்’ என்று எழுதுகிறேன். ஆனால் யார் எதைத் தடுப்பதுபோல் தோன்றினாலும், நீங்கள் சொன்னது கூடாது என்றா, தேவையில்லை என்றா என்று வெட்கப்படாமல் ஒரு தடவை கேட்டுவிடுகிறேன். எல்லாம் தெரியும் என்ற திமிரில் அன்று அதைக் கேட்காததால் என் பிள்ளை நான்கு நாள் தனியாகக் கிடந்தாளே.