கயிற்றை விடாதவர்

மட்டாஞ்சேரி படகுத்துறையில் மாலை வேளைகளில் அவரைப் பார்ப்பேன். ஒல்லியான மனிதர். போலீஸ்காரர்கள் வேலைக்குப் பழக்குகிற பெல்ஜியன் ஷெப்பர்ட் இனத்து நாய் ஒன்றின் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அன்று என் மகளின் பந்து கை நழுவி உருண்டது. அவள் குனிவதற்குள் நாய் பாய்ந்தது. அவர் இழுபட்டுத் தரையில் விழுந்தார். கயிற்றை மட்டும் விடவில்லை. அவள் விரலுக்கு ஒரு சாண் தள்ளி அதன் வாய் நின்றது.

"அதுக்குக் கோபமில்லை சேச்சி. நாள் முழுக்க ஏதாவது வேலை வேணும், அவ்வளவுதான்" என்றார், மூச்சு வாங்க.

"உங்க வீட்டுல குழந்தைங்க இருக்காங்களா?"

"மோள் இருக்கா. அவ கேட்டுத்தான் இதை வாங்கினேன். இப்போ அவ உறங்கினப்புறம்தான் நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்."

நொண்டியபடி மறுபடியும் நடக்கத் தொடங்கினார். அப்போது மணி ஆறுகூட ஆகவில்லை.