வெயில் சாயட்டும்

கஜபதி எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டது படிக்காததால் அல்ல, ரொம்ப நன்றாகப் பார்த்து எழுதியதால். முன் பெஞ்சுக்காரன் பேப்பரை ஒரு புள்ளி விடாமல் காப்பியடித்தான். அவன் போட்ட தப்புக் கணக்கும் வந்தது, அடித்துத் திருத்தியதும் வந்தது, கடைசியில் அவன் நம்பரும் வந்துவிட்டது. ஒரே நம்பரில் இரண்டு பேப்பர். வாத்தியார் காதைத் திருகிய திருகில் கஜபதியின் படிப்பு அன்றோடு முடிந்தது.

காப்பியடித்த எந்தக் கை அவனைப் பள்ளிக்கூடத்தைவிட்டுத் தள்ளியதோ அதே கைதான் அறுபத்தைந்தாம் வருஷம் வேலை வாங்கிக் கொடுத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் டிரேசர். இன்ஜினீயர் பென்சிலில் போட்ட படத்தின்மேல் கண்ணாடி மாதிரித் தாளை விரித்து, கோட்டின்மேல் கோடாக மையால் இழுக்க வேண்டும். காப்பியடிக்கச் சம்பளம் கொடுக்கிற இடமும் பூமியில் இருக்கிறதே என்று அவன் பல நாள் நம்பவே இல்லை.

தப்பு வரத்தான் செய்யும். வந்தால் அரை பிளேடால் அந்த இடத்தை மட்டும் பதமாகச் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, அடியில் இருக்கிற அசலைப் பார்த்து மறுபடி இழுக்க வேண்டும். செக்கர் பார்த்தசாரதி சிவப்புப் பென்சிலோடு பின்னாலேயே நிற்பார். ஒரு தடவை இரண்டு பேர் கண்ணுக்கும் தப்பிய ஒற்றைப் புள்ளியால் நானூறு வால்வு குப்பைக்குப் போயிற்று. அதிலிருந்து கஜபதி பிளேடை சட்டைப் பையில் தாயத்து மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தான்.

பிரிண்ட் எடுப்பதும் அவன் வேலைதான். அதற்கு மிஷின் கிடையாது, வெயில்தான் மிஷின். மருந்து தடவிய தாளின்மேல் படத்தை வைத்துக் கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி மொட்டைமாடியில் காய வைத்தால், கோட்டின் நிழல் விழுந்த இடம் மட்டும் நிற்கும், மற்றதையெல்லாம் வெயில் தின்றுவிடும். மருந்துத் தாள் கறுப்புக் காகிதத்தில் சுற்றித்தான் வரும். கதவிடுக்கு வெளிச்சம் பட்டாலே கெட்டுப்போகும். கஜபதி அந்தக் காகிதக் கட்டைப் பச்சைப் பிள்ளையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு நிழலோரமாகவே நடப்பான். எல்லாரும் கேலி செய்வார்கள்.

வீட்டில் இருந்த பச்சைப் பிள்ளையை அவன் அப்படித் தூக்கவில்லை.

குத்தம்பாக்கத்தில் அக்காள் வேம்புலியம்மாளின் மகள் லோகநாயகியை அவன் கட்டினான். அங்கே அது யோசிக்கிற விஷயமே இல்லை. தாய்மாமன் சும்மா இருக்கும்போது வெளியே மாப்பிள்ளை தேடினால்தான் என்ன குறை என்று கேட்பார்கள். சென்னீர்குப்பத்தில் ஓட்டு வீட்டில் ஒரு பாதியை வாடகைக்குப் பிடித்துக் குடித்தனம் வைத்தார்கள். அறுபத்தாறில் புஷ்பா பிறந்தாள்.

ஒரு வயசில் அவள் மூக்கில் எள்ளு தெளித்த மாதிரி புள்ளிகள் வந்தன. பிறகு கன்னம், கை. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வீறிடுவாள். பக்கத்துக் குடித்தனம் ஞானம்மாள் பதினோரு பிள்ளை பெற்றவள், அவளுக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. எண்ணெய் தடவி இளம் வெயிலில் காட்டினால் எல்லாம் உதிர்ந்துவிடும் என்று சொன்னாள். அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படிக் காய்ந்து வளர்ந்தவைதான்.

லோகநாயகிக்குப் பிள்ளை அழுதால் தாங்காது. அதனால் அந்த வேலையை கஜபதி எடுத்துக்கொண்டான். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் புஷ்பாவை மடியில் போட்டு வெயிலைப் பார்க்க வைப்பான். அவள் முகத்தைத் திருப்பினால் குரங்கு மாதிரி உறுமுவான், காக்கா மாதிரி கத்துவான், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மாமியாராக ஆடுவான். என்ன வேடிக்கை என்று பார்க்க அவள் கண்ணைத் திறப்பாள். திறந்த கண்ணில் வெயில் நேராக விழும். வைத்தியம் பலித்தது என்று அவன் சந்தோஷப்படுவான். இப்படி நாலு வருஷம்.

ஆறு வயசில் மூக்கோரம் ஒரு புண் ஆறாமல் முண்டாகத் தடித்தது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். வெட்டின துண்டைப் பரிசோதித்த பிறகு, வெளிநாட்டில் படித்துத் திரும்பிய தோல் டாக்டர் உலகநாதன் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். நோயின் பெயர் ஒரு முழம் இருந்தது. கஜபதி முழித்த முழியைப் பார்த்து என்ன வேலை என்று கேட்டார். டிரேசர் என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

உடம்பு கண்ணுக்குத் தெரியாத கோடி கோடி செல்களால் ஆனது என்றார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மொத்த உடம்புக்கான படம் மடித்து வைத்திருக்கிறதாம், அதற்கு டி.என்.ஏ. என்று பெயராம். முறுக்கின ஏணி மாதிரி அதற்கு இரண்டு பக்கம். இந்தப் பக்கத்து எழுத்தைப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். செல் இரண்டாகும்போது ஏணி நடுவில் பிரிந்து, ஒவ்வொரு பாதியைப் பார்த்தும் புதுப் பாதி காப்பியாகும். அப்போதே கூடவே ஒரு செக்கர் சரிபார்த்துக்கொண்டு வருவார். ஆனால் வெயில் பட்டால், காப்பி எடுக்காதபோதும், அடுத்தடுத்த எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இது எல்லார் தோலிலும் தினமும் நடக்கிறது. ஒட்டின துண்டை வெட்டி எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தைப் பார்த்துச் சரியாக நிரப்ப உடம்பிலேயே ஆள் உண்டு.

"பிளேடு போட்டு சுரண்டிட்டு அசலப் பாத்து இய்க்கிற மாதிரி" என்றான் கஜபதி.

"அதேதான். உங்க பொண்ணு உடம்புல அந்த பிளேடு இல்ல."

கஜபதி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "காலங்காத்தால வெயில்ல காட்டறது... அது நல்லதுதானே சார்?"

"எத்தனை நாளா காட்டினீங்க?"

"நாலு வருசம் சார். தெனம்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

மிச்சத்தையும் அவரே சொன்னார். ஒவ்வொருவரிடமும் படம் இரண்டு பிரதி இருக்கும், அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. ஒன்றில் கோளாறு இருந்தால் மற்றது காப்பாற்றிவிடும். கஜபதியிடமும் லோகநாயகியிடமும் ஆளுக்கு ஒன்று கெட்டது, ஒன்று நல்லது. இரண்டு பேரும் கெட்டதையே கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு நல்லது கிடையாது. ஒரே குடும்பத்துக்குள் கட்டினால் ஒரே கெட்ட தாள் இரண்டு பக்கமும் இருப்பது சுலபம். உங்கள் குற்றம் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். குணப்படுத்த மருந்து இல்லை, வெயில் படாமல் வைத்திருங்கள், எவ்வளவு நாள் என்று கேட்காதீர்கள் என்றும் சொன்னார்.

பூந்தமல்லி பஸ்ஸில் பாதி வழி வந்ததும் லோகநாயகி கேட்டாள்:

"அப்ப நம்ம கல்யாணமே தப்பு, இல்ல மாமா?"

கஜபதி மடியில் தூங்கிய புஷ்பாவின் முகத்தைத் துண்டால் மூடினான்.

மறுநாள் கம்பெனியில் எறிந்து கிடந்த கறுப்புக் காகிதத்தையெல்லாம் பொறுக்கி வந்தான். ஜன்னல், கதவிடுக்கு, ஓட்டு இடைவெளி எல்லாவற்றையும் பசை தடவி ஒட்டினான். பகலெல்லாம் புஷ்பா உள்ளேயே. பொழுது சாய்கிற நேரம் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"நைனா, அவரு பூட்டாரா?"

சூரியன் போய்விட்டாரா என்றுதான், வாடகை வாங்க வந்த வீட்டுக்காரருக்குப் பயந்து ஒளிகிறவள் மாதிரிக் கேட்பாள். கஜபதியும் வாசலில் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் பேசிகினு கீறாரு, இரு" என்பான். போனபின் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பெங்களூர் ரோட்டில் லாரி காட்டக் கூட்டிப்போவான். பூட்டிய பள்ளிக்கூடத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பெஞ்சுகளைப் பார்ப்பாள். எந்த இடத்தில் உட்காரலாம் என்று தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தாள், ஜன்னலுக்குத் தூரமாக.

நாலு வருஷம் ஓட்டைத் துவாரத்தையெல்லாம் அடைத்துப் பார்த்தான். ஆனால் முதல் நாலு வருஷத்து வெயில் உள்ளேயே இருந்தது. மூக்கு, உதடு, ஒரு கண். ஆஸ்பத்திரியில் வெட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற பேச்சை லோகநாயகி ஒருநாளும் எடுக்கவில்லை. வேம்புலியம்மாள் எடுத்தபோது எழுந்து போய்விட்டாள்.

எழுபத்தாறு பொங்கல் கழிந்து ஒரு நாள் புஷ்பா தன்னைப் படம் போடச் சொன்னாள். அவன் அரிக்கேன் விளக்கடியில் டிரேசிங் தாளை விரித்து, ரூலிங் பேனாவால் பார்த்துப் பார்த்து இழுத்தான். அசலைப் பார்த்துத்தான் இழுத்தான், ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அசலில் இருந்ததை விட்டான். புள்ளி ஒன்றும் இல்லாமல், மூக்கு முழுசாக, இரண்டு கண்ணோடு ஒரு பெண் தாளில் உட்கார்ந்தாள்.

புஷ்பா மிச்சமிருந்த கண்ணைத் தாளோடு ஒட்டவைத்துப் பார்த்தாள்.

"தப்பு பண்ட்ட நைனா. இது வேற பொண்ணு."

"இது நீதான் கண்ணு. சுரண்டிட்டு போட்டுக்கீறேன்."

"நான் சுரண்டாம கீறேன் இல்ல? அப்பிடியே போடு."

செக்கர் சொன்னால் டிரேசர் கேட்கத்தான் வேண்டும். அவள் விரலை வைத்துக் காட்டக் காட்ட ஒவ்வொரு புள்ளியாக வைத்தான். மூக்கின் பாதியை பிளேடால் சுரண்டி எடுத்தான். முடிந்ததும் அவள் தலையை ஆட்டினாள். பிரிண்ட் எடுக்க வெயிலில் வைக்க வேண்டும். அவன் வைக்கவில்லை. கறுப்புக் காகிதத்தில் சுற்றிப் பரண்மேல் போட்டான்.

சித்திரை மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு அவள் போனாள்.

குத்தம்பாக்கத்திலிருந்து ஜனங்கள் வந்தார்கள். சின்ன உடம்பு, அக்கினி வெயில், வைத்திருக்கக் கூடாது, பன்னிரண்டுக்குள் எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். குழியும் தயார். தூக்க வந்தவர்களுக்கு முன்னால் கஜபதி வாசலை மறித்து உட்கார்ந்தான். வெயில் சாயட்டும் என்றான். காரியம் விளக்கு வைப்பதற்குள் முடியவேண்டும், இருட்டில் போகிற வழக்கம் இல்லை என்று மச்சான் மணவாளன் எடுத்துச் சொன்னான். யாரோ புத்தி பிசகிவிட்டது என்றார்கள். வேம்புலியம்மாள் தம்பி காலில் விழப் போனாள். லோகநாயகி எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தூக்க வந்தவர்கள் திரும்பிப் போய்த் தெருவோர நிழலில் உட்கார்ந்தார்கள்.

அவளுக்கு இனி ஒன்றும் ஆகாது என்பது அவனுக்குத் தெரியும். படம் கெட்டுப்போன தாளை வெயிலிலிருந்து ஒளித்து என்ன பிரயோஜனம் என்றும் தெரியும். தெரிந்தே உட்கார்ந்திருந்தான். இரண்டு மணி, நாலு மணி, ஆறு மணி. வந்தவர்களில் பாதிப் பேர் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்துக்குப் பின்னால் கடைசிச் சிவப்பும் இறங்கியது. கஜபதி எழுந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து நிதானமாக ஒரு தடவை பார்த்தான். பரண்மேல் இருந்த கறுப்புக் காகிதச் சுருளை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான். பிறகு குனிந்து காதோரம் சொன்னான்:

"பூட்டாரு, கண்ணு. வா."