எலிசாவைக் கூப்பிட்ட குரல்

ஜெரோம் போய்விட்டான்.

இன்று காலை, கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டில். அவன் மனைவி ஸ்டெல்லாதான் ஃபோன் எடுத்துச் சொன்னாள். "உங்கட சிங்கர் போயிட்டார் அண்ணா..."

ஜெரோம் என்றால் பலருக்குத் தெரியாது. "எலிசா, இறங்கி வா" என்றால் தெரியும். அதைப் பாடியவன். பகலில் துறைமுகத்தில் கிளார்க், மற்ற நேரமெல்லாம் எங்கள் 'இஞ்சி பிளேன்டீ' பேண்டின் குரல். நான் பேஸ் கிட்டார்.

ரெக்கோர்டிங் அன்று ஸ்டூடியோக்காரர் கோரஸை மட்டும் இங்கிலீஷில் மாற்றச் சொன்னார். தமிழ் ராக்கைக் கொழும்பில் யார் கேட்பார்கள் என்றார்.

ஜெரோம் ஹெட்ஃபோனைக் கூடக் கழற்றவில்லை. "எலிசா எங்கட தெருவில வளர்ந்த பிள்ளை சேர். இங்கிலீஷ்ல கூப்பிட்டா இறங்கி வரமாட்டாள்."

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கல்யாண வீடுகள், த்ரீவீலர்கள், ரிங்டோன்கள்... கிரிக்கெட் மெட்ச்சில் பேட்ஸ்மன் கிரீஸை விட்டு இறங்கி அடித்தால், ரசிகர்களோடு நிற்கும் பப்பரே பேண்ட் ட்ரம்பெட்டில் அதைத்தான் ஊதும். வெள்ளவத்தை ஃப்ளாட்டுகளில் லிஃப்ட் பழுதானால், கீழே நிற்பவர்கள் மேலே பார்த்து அதைத்தான் கத்துவார்கள்.

ஒருநாள் நாங்கள் இருவரும் காலி நகருக்குப் போகும் வீதியில் பஸ்ஸில் வந்தோம். ஃபுட்போர்டில் தொங்கிய சிங்களக் கண்டக்டர், "எலிசா, எறங்கி வா! எலிசா, எறங்கி வா!" என்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தப் பாட்டைப் பாடினது இவன்தான்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"பொரு கியன்ன எபா அய்யே!" பொய் சொல்ல வேண்டாமாம்.

ஜெரோம் சீட்டில் இருந்தபடியே பாட்டை எடுத்தான் பாருங்கள்... பஸ் முழுக்கக் கை தட்டியது. இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு தெஹிவளை வரை போனோம். டிரைவரும் நிறுத்தவில்லை, இவனும் நிறுத்தவில்லை.

அப்புறம் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனில் உயிர் தப்பியது. குரல் போனது.

போன வருடம், மறுபடி மேடை ஏறுவோம் என்று அவனே சொன்னான். வாயைத் திறந்தால் காற்று மாதிரி ஒரு கிசுகிசுப்புத்தான் வரும்.

"எப்படிடா பாடுவாய்?"

"நான் ஏன் மச்சான் பாடோணும்? நீ வந்து பார்."

மைதானம் நிறையச் சனம். எலிசா தொடங்கியதும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தான். அவ்வளவுதான்... முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவர்களே பாடினார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகளும் ஒரு சொல் விடவில்லை.

எனக்குக் கண் மறைத்தது. கை தன்பாட்டில் வாசித்தது. ஜெரோம் சிரித்தபடி என் காதருகே வந்தான்.

"பாத்தியா மச்சான், எனக்கு எவ்வளவு பெரிய குரல்!"

நாளை பின்னேரம் அடக்கம். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வாசிக்கலாமா என்று ஃபாதரிடம் கேட்டோம். மெதுவாகத்தான் வாசிப்போம் என்றும் சொன்னோம்.

"மெதுவாவா? ஜெரோமுக்கா? ட்ரம்ஸையும் கொண்டு வாங்க."

போய் வா மச்சான். ட்ரம்ஸ் வேனில் ஏறிவிட்டது.