பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம்

நான் ஒரு வீட்டை வாங்கினேன், பக்கத்து வீட்டை விழவைத்தேன். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். கேட்டவர்களிடமெல்லாம் மழையில் விழுந்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மழை என்ன செய்யும்? வருடா வருடம் பெய்கிற சாரல்தான். என் தகப்பனார் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தச் சாரலில் நின்ற வீடு அது.

பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியபோது எனக்கு நாற்பது வயது. எங்கள் குடும்பத்து ஆண்கள் ஒன்று போலீஸ், இல்லையென்றால் பட்டாளம். ஓய்வு பெற்று வந்ததும் ஏதாவது ஒரு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அது கேவலமாகப்பட்டது. இன்று நினைத்தால் அதைப்போல் மானமுள்ள வேலை இல்லை. யாருடைய கூரையும் விழாது.

என் புத்தி செல்போனில் கெட்டது. பாழடைந்த வீட்டை வாங்கிப் புதுப்பித்து வாடகைக்கு விடுகிற வீடியோக்கள் வந்துகொண்டே இருந்தன. முதலில் ஒரு இடிந்த வீடு. பத்து நிமிடத்தில் அது பளபளவென்று நிற்கும். நம் ஊரில் இதைவிட நன்றாகச் செய்யலாமே என்று தோன்றியது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் ரூம் கிடைக்காமல் ஜனங்கள் காருக்குள்ளேயே படுத்துக்கிடக்கிறார்கள். ஒரு பழைய வீடு, நான்கு அறை, ஒவ்வொன்றுக்கும் தனி பாத்ரூம், வெந்நீர், ஏசி. ஒரு வீடு தேறிவிட்டால் அடுத்தது, அதற்கடுத்தது. மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"பட்டாளத்துல செவத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கத்தான படிச்சு குடுத்திருப்பாவ. செவரு கட்டவுமா படிச்சு குடுத்தாவ?"

சிரித்தாலும் திருவேங்கடத்தில் அவள் பங்குக்கு வந்திருந்த கரிசல் நிலத்தை விற்கச் சம்மதித்தாள். அதற்குப் பிறகு அவள் இந்த விஷயத்தில் சிரித்து நான் பார்க்கவில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், உள்ளே ஒரு தெருவில் அந்த வீடு கிடைத்தது. சரியாகச் சொன்னால் பாதி வீடு. அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒன்றாக இருந்த பெரிய ஓட்டு வீடு. பாகம் பிரித்தபோது நடுக்கூடத்தில் ஒரு சுவரை எழுப்பி இரண்டாக்கிவிட்டார்கள். அண்ணன் பாகம் அவர் மகனுக்கு வந்து, ஆள் இல்லாமல் பூட்டிக்கிடந்தது. கூடத்தில் வௌவால், கொல்லையில் இடுப்புயரத்துக்குப் புதர். ஆனால் கிணறு இருந்தது. கோடையிலும் தண்ணீர் எட்டிப் பார்க்கிற ஆழத்தில் நின்றது.

தம்பி பாகத்தில் அவருடைய மருமகள் தனியாக இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இறந்துவிட்டார், மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லிமாவு அரைத்துத் தெருவுக்கும் சீசன் கடைகளுக்கும் விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் கூரையும் அதற்குக் கீழே இருந்த கிரைண்டரும்தான் அவருக்கு எல்லாம். இது எனக்கு வீடு வாங்குவதற்கு முன்பே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

பத்திரம் பதிந்த அன்று ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது விற்றவர் என் தோளில் கைவைத்துச் சொன்னார்.

"தம்பி, ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. பக்கத்து வீட்டுல பேச்சு வச்சுக்கிடாதீய. அங்கன ஒரு தடவ பேசியாச்சுன்னா கெணத்துல பாத்தியதை கேப்பாவ. நாங்க ரெண்டு தலமொறையா பேசல."

நான் தலையை ஆட்டினேன். ஏன் பேசவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. பாகம் பிரித்த வீடுகளில் இது இருப்பதுதான். வாசல்படி ஒட்டியிருக்கும், முகம் பார்க்க மாட்டார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீட்டில் கதவைச் சாத்திவைப்பார்கள். அந்தச் சண்டையில் எனக்கு என்ன சம்பந்தம்? நான் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஆனாலும் வீட்டோடு அதையும் வாங்கிக்கொண்டேன். நான்கு பாத்ரூமுக்கு அந்தக் கிணற்றைத்தான் நம்பியிருந்தேன். அதில் பங்கு போய்விடக் கூடாது, அவ்வளவுதான் காரணம்.

முதல் நாள் அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். வண்டியிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சாவியைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். மறுநாள் அவர் நிற்கவில்லை. புது ஆள், ஒருவேளை பேசுவான் என்று நினைத்திருப்பார். நானும் அந்த வீட்டு ஆள்தான் என்று முடிவுசெய்திருப்பார்.

வேலையைச் சித்திரையில் ஆரம்பித்தோம். கொத்தனார் கெட்டிக்காரர், ஆனால் நான் சொல்வதைத் தட்டிப் பேச மாட்டார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஓட்டைப் பிரித்துவிட்டு காங்கிரீட் போடுவதாகத் திட்டம். ஓடும் சட்டமும் இறங்கியதும் நடுவில் பெரிய தேக்கு உத்தரம் ஒன்று மட்டும் நின்றது. ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற கனம். செங்கோட்டையிலிருந்து ஒரு பழைய மரக்கடைக்காரர் வந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், மலையாளமும் தமிழும் கலந்து என்னென்னவோ புகழ்ந்தார். அப்போதே அதை அறுத்து அவருக்கு விற்றுவிடுவது என்று முடிவுசெய்துவிட்டேன்.

உத்தரத்தின் ஒரு முனை என் வீட்டின் வெளிப்பக்கச் சுவரில் உட்கார்ந்திருந்தது. மறுமுனை பொதுச்சுவருக்குள் போயிருந்தது. உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க அந்தப் பக்கம் போகவேண்டும். கொத்தனார் கேட்கத்தான் செய்தார்.

"அண்ணாச்சி, அந்த வீட்டுல ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்திரட்டுமா?"

வேண்டாம் என்றேன். சுவரை ஒட்டி அறுக்கச் சொன்னேன்.

அது ஒரே மரம். அண்ணன் தம்பி ஒன்றாக இருந்தபோது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடிய ஒரே உத்தரம். நடுவில் எழுப்பிய சுவருக்கு அஸ்திவாரம் கிடையாது. மண்சாந்தில் ஒற்றைக்கல் வைத்து உத்தரத்தின் அடிவயிறு வரை கட்டி நிறுத்தியிருந்தார்கள். அது எதையும் தாங்கவில்லை. உத்தரம்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அறுத்தால் அந்த அம்மாவின் கூரைப் பாரம் அந்தச் சுவரில்தான் இறங்கும். அந்த அம்மாவின் முன்னறைக்குள் தலையை நீட்டியிருந்தால் ஒரு சின்னப்பிள்ளைக்கும் இது விளங்கியிருக்கும். நாலு எட்டு தூரம்.

வைகாசிக் கடைசியில் ஒரு காலையில் அறுக்க ஆரம்பித்தார்கள். மெஷின் அரைவாசி போயிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று தட்டு. மெஷினை நிறுத்தினோம். மறுபடியும் மூன்று தட்டு. கட்டையாலோ அம்மிக்குழவியாலோ இடிப்பதுபோல் கனமாக இருந்தது.

"சத்தம் போடுதோம்னு எரிச்சல்ல இடிக்கு அந்த அம்மா" என்றான் மெஷின்காரன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று வந்தது. என் வீட்டில் நான் அறுக்கிறேன், நீ யார் இடிக்க? கீழே கிடந்த சுத்தியலை எடுத்து நானும் சுவரில் மூன்று தட்டுத் தட்டினேன், பலமாக. அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டதாக இருந்தது எனக்கு. மெஷினைப் போடச் சொன்னேன். மத்தியானத்துக்குள் உத்தரத்தை இறக்கி வண்டியில் ஏற்றிவிட்டோம்.

அந்த வருடம் சாரல் முந்திக்கொண்டது. அறுத்த அன்று சாயங்காலமே தொடங்கி மூன்று நாள் ஓயாத சாரல். என் பக்கம் கூரை இல்லை. தார்ப்பாய் கட்டியிருந்தோம், காற்றில் நிற்கவில்லை. பொதுச்சுவர் முழுக்க நனைந்தது. மண்சாந்து கரைந்து கோடுகோடாக வடிந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, காய்ந்ததும் பூசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதுதான் நான் கற்றுக்கொண்ட கட்டட வேலை.

நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ரோட்டில் ஐந்தருவிக்குப் போகிற வண்டிகள் நகராமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. தெருவிலிருந்து ஒரு ஆள் ஓடிவந்து சொன்னார். போய்ப் பார்த்தபோது சுவரின் மேல்பாதி அந்தப் பக்கமாகச் சாய்ந்து, அறுபட்ட உத்தரத்தின் மறுபாதியும் ஓடுகளும் முன்னறைக்குள் கிடந்தன. என் கூடத்தில் நின்றபடியே அவர் வீட்டைப் பார்க்க முடிந்தது. சாமி படங்கள், ஒரு கொடியில் சேலை, நசுங்கிய கிரைண்டர், அதைச் சுற்றி மண்ணில் கலந்து ஓடுகிற வெள்ளை மாவு.

அந்த அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அதனால் பிழைத்தார். திரும்பிவந்து பையை இறக்கிவைக்காமலே நின்றார். அழவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. தெருக்காரர்கள் என்னைக் கிழித்தார்கள். ஒருவர் கொத்தனாரை அடிக்கப் போனார். நான் புதிதாகக் கட்டித்தருகிறேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். சாயங்காலம் அவருடைய தங்கை வந்து அவரை இலத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போலீசில்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டீக்கடைக்காரர் மூலம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். வேண்டாம் என்று பதில் வந்தது. அதற்குள் ஒரு என்ஜினீயரைக் கூட்டிவந்து காட்டினேன். அந்தப் பக்கம் திறந்துகிடக்கும்வரை இந்தப் பக்கம் ஒரு கல்லும் வைக்க முடியாது, மிச்சச் சுவரை இறக்கிவிட்டு அடியிலிருந்து எழுப்பவேண்டும், பொதுச்சுவர் என்பதால் அந்த அம்மாவின் கையெழுத்து வேண்டும் என்றார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இலத்தூருக்குப் போனேன். கேட்கப் போனது மன்னிப்பா கையெழுத்தா என்று கேட்டால், கையெழுத்துத்தான். அதையும் மறைக்க விரும்பவில்லை.

தங்கை வீட்டு வாசலில் அந்த அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நானும் உட்காரவில்லை. கூரை போட்டுத்தருகிறேன், கிரைண்டர் வாங்கித்தருகிறேன் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவர் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தப்பு செய்தவனுக்குத்தான் கோபம் முதலில் வருகிறது.

"ஆபத்துன்னு தெரிஞ்சா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"வந்த அன்னைக்கே சொல்லத்தான் நின்னேன், தம்பி. நீங்க மூஞ்சியத் திருப்பிட்டுப் போனிய. பெறவு நா எப்படி வந்து பேச? உத்தரம் ஆடுச்சு, காரை கொட்டுச்சு. அதான் செவத்துல தட்டுனேன்."

முறத்தைக் கீழே இறக்கிவைத்தார்.

"நீங்களும் மூணு தட்டு தட்டுனியல்லா? சரி, அவங்களுக்கு வெளங்கிட்டு, முட்டு குடுத்துத்தான் அறுப்பாவன்னு நெனச்சேன். மூணு ராத்திரி அதுக்கு அடியிலதான் படுத்துக்கெடந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தார். உமி பறந்து என் கால்சட்டையில் ஒட்டியது. உள்ளேயிருந்து தங்கை தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் செம்போடு திரும்பிப் போய்விட்டாள்.

தாளை நான் வெளியே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒருவேளை கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் சுபாவத்துக்குப் போட்டிருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆனால் எந்த வாயால் கேட்பது? பஸ்ஸில் வரும்போது சுத்தியல் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் வாழ்க்கையில் அந்த அம்மாவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அந்த மூன்று தட்டு. அதை அவர் நம்பினார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி கேலி எதுவும் செய்யவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். கேலி செய்திருக்கலாம்.

இரண்டு வருடம் ஆகிறது. வீட்டை விற்கலாம் என்று ஆட்களைக் கூட்டிவந்தேன். போன மாதம் சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒருவர் வந்தார். என்னைப்போலத்தான், செல்போனில் வீடியோ பார்த்தவர். அங்குமிங்கும் அளந்துவிட்டு, பக்கத்தில் யாருடையது, அவர்களோடு ஏதாவது தகராறு உண்டா என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், சுத்தியல் தட்டியது வரை. அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். போன் பண்ணுகிறேன் என்றார். பண்ணவில்லை.

இந்த வருடமும் சீசன் தொடங்கிவிட்டது. அருவியில் குளிக்க வந்தவர்கள் ரூம் இருக்கிறதா என்று எண்ணெய்த் தலையோடு தெருவுக்குள் வந்து கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். கிணறு நிரம்பி வழிகிறது. யாரும் பங்கு கேட்கவில்லை. பாதிச் சுவர் நின்றபடி ஊறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் முன்னறையில் எருக்கு முளைத்து ஆள் உயரம் வந்துவிட்டது. என் கூடத்திலிருந்து பார்த்தால் தெரிகிறது.