வெட்டும் நொதியமும் திங்கட்கிழமைப் போத்தலும்

மூன்று நாள் பாடுபட்டு, நாலாம் நாள் “எங்கே பிழைத்தது?” என்று தலையைச் சொறிவதுதான் ஆய்வுகூட வேலை, இதில் மாட்டியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பஸ்ஸில் ஒரு கேள்வி

மட்டக்களப்பிலிருந்து செங்கலடிக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த தையல்கார அக்கா என் வேலையை விசாரித்தார். அப்பமாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டை வளர்த்து ஆராய்கிறேன் என்றேன். அவர் விடவில்லை. கலத்துக்குள் வேலை செய்பவை புரதங்கள். அவற்றில் சூமோ என்ற குட்டிப் புரதம் ஒட்டினால் அவற்றின் வேலையே மாறிவிடும். பிறகு நொதியம் என்ற வேறொரு வகைப் புரதம் வந்து சூமோவை வெட்டி எடுத்தால் பழையபடி ஆகும் என்று சொன்னேன். அந்த வெட்டும் நொதியத்தைத்தான் என் முதுநிலைப் பட்டத்துக்கு எடுத்திருந்தேன்.

தன்னாமுனையில் இறங்க எழும்பியவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “அப்ப வெட்டுறவர் ஒருநாள் வேலைக்கு வராட்டி என்ன நடக்கும் புள்ள?”

வராத நாள்

அந்தக் கேள்வி எனக்குள் கிடந்து குடைந்தது. சூடு கூடினால் வெட்டும் நொதியம் செயலிழந்துபோகும் ஒரு வகை ஈஸ்ட் எங்களிடம் இருந்தது. அதைச் சூடாக்கி நுணுக்குக்காட்டியில் வைத்தேன். கலங்கள் பருத்திருந்தன, பக்கத்தில் பெரிய மொட்டும் விட்டிருந்தன. ஆனால் இரண்டாகப் பிரியவில்லை.

என்னோடு வேலை செய்யும் ஏறாவூர் றிஸ்வானா எட்டிப் பார்த்தாள். “சாகவும் இல்ல, பெருகவும் இல்ல. கையெழுத்துக்கு லைன்ல நிக்கிற ஆக்கள் மாதிரியெல்லா இரிக்கி!”

அடியில் ஒரு கோடு

அடுத்து சாதாரண ஈஸ்ட். சூடு பட்டால் நிறையப் புரதங்களில் சூமோ ஒட்டும். கலங்களை உடைத்து, புரதங்களைப் பெரியவை மேலே, சிறியவை அடியில் என்று பிரித்து ஒரு மென்தாளில் ஏற்றி, சூமோவைக் காட்டும் பிறபொருளெதிரியில் ஊறவைத்தால் மேலிருந்து கீழாகக் கறுத்த கோடுகள் தெரிய வேண்டும். எனக்கோ மேலே ஒன்றுமே இல்லை, அடியில் மட்டும் ஒரு தடித்த கோடு. கிழமைக்கு ஒன்றாக, நாலு தரமும் அப்படியே.

பிறபொருளெதிரிக் கரைசலைத் தயாரித்தவள் றிஸ்வானா. “நீ பிழையாக் கலந்திருப்பாய்” என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே போனாள். மேற்பார்வையாளர் மேடம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இன்னும் ஒரு கிழமை தாறன். வராட்டி தலைப்பை மாத்துவம்.”

திங்கட்கிழமைப் போத்தல்

அன்று பின்னேரம் அந்தத் தடித்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரைசல் பிழையென்றால் அதுவும் தெரிந்திருக்காதே? அது எதிலும் ஒட்டாத, தனிச் சூமோ. அப்படியென்றால் ஒட்டியிருந்ததை யாரோ வெட்டியிருக்க வேண்டும். கலம் உடைந்த பிறகும் நொதியம் தன் வேலையை நிறுத்தவில்லை!

அதைத் தடுக்கத்தான் உடைக்கும்போது ஒரு மருந்து சேர்ப்போம். மருந்துப் போத்தலை எடுத்தேன். ‘கரைத்தவுடன் பாவிக்கவும்’ என்று போட்டிருந்தது. தண்ணீரில் நின்றால் அதன் வீரியம் போய்விடும். நானோ வீணாக்கக்கூடாதென்று திங்கட்கிழமையே கிழமை முழுவதற்கும் கரைத்து வைத்துவிடுவேன்.

மறுநாள் காலை, முன்பு கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் றிஸ்வானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “சரி, விடு. ஆனா அந்த மருந்த இனி நான்தான் கரைப்பன்.”

கோடுகள்

அவளே கரைத்தாள். இந்தத் தரம் சூடு பட்ட கலங்களில் மேலிருந்து கீழ்வரை கறுத்த கோடுகள். ஆறவிட்டு எடுத்த கலங்களில் அதே கோடுகள் மங்கியிருந்தன. சூமோ கழன்றுபோனதைக் கண்ணால் கண்டோம். நாங்கள் போட்ட கூச்சலில் மேடம் ஓடி வந்தார். நெடுநேரம் உற்றுப் பார்த்தவர் சொன்னார்: “நல்லாயிருக்கு. இன்னும் ரெண்டு தரம் இப்பிடியே வந்தா அப்ப சந்தோசப்படுவம்.”

ஒட்டியதைக் கழற்ற ஈஸ்டுக்குச் சில நிமிடம் போதும். எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்க, படித்த எனக்கு நாலு கிழமை பிடித்தது.