குரல் காணாமல் போன பாட்டு

அஃப்னாவுக்கு இடது காது கேட்காது. ஆறு வயதில் பொன்னுக்குவீங்கி வந்து ஒரு வாரம் படுத்திருந்தாள். எழுந்தபோது அந்தப் பக்கம் அடங்கிவிட்டிருந்தது. சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில்கூட இது பலருக்குத் தெரியாது. யாருடன் நடந்தாலும் அவர்களுக்கு இடப்பக்கமாகப் போய்விடுவாள். வகுப்பில் எப்போதும் இடது ஓர நாற்காலிதான்.

பாலிடெக்னிக்கில் இசைத் தயாரிப்பு படிக்க விண்ணப்பித்தபோதும் அவள் இதை எழுதவில்லை. சிராங்கூன் சாலையில் பயணப்பெட்டிகள் விற்கும் அவளுடைய வாப்பா அப்துல் மஜீது, சொல்லிவிடுவதே நல்லது என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவள் பிடிவாதமாக நின்றுவிட்டாள்.

பதின்மூன்று வயதிலிருந்தே கைப்பேசியில் தாளம் கோத்துப் பழகியவள். வாப்பாவின் கடை வாசலில் பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தத்தைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, ஆடக்கூடிய தாளமாக்கியிருக்கிறாள். பாலிடெக்னிக் கணினியில் ஒவ்வொரு ஒலியும் வண்ணப் பட்டையாக ஓடுவதைப் பார்த்தபோது, தனக்காகவே இந்த மென்பொருளைச் செய்தார்களோ என்று நினைத்தாள். காதில் விழாததைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாமே.

முதல் பயிற்சியிலேயே அந்த நினைப்பு கலைந்தது. வாத்திய ஒலிகளை, கலைஞர்கள் மேடையில் நிற்பதைப்போல, இடமும் வலமுமாகப் பரப்பி வைக்க வேண்டும். ஹெட்ஃபோனில் அவள் இடப்பக்கம் வைத்ததெல்லாம் காணாமல் போயிற்று. போனதையெல்லாம் வலப்பக்கம் இழுத்து வைத்தாள். விரிவுரையாளர் கமலா கேட்டுவிட்டு, ஏன் எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருக்கிறது என்றார். வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தேன் என்றாள் அஃப்னா. சிலர் சிரித்தார்கள். அந்தப் பயிற்சியில் அவள் தேறவில்லை.

அந்த வாரம் முழுவதும் மென்பொருளைத் துருவியதில் மோனோ என்றொரு பொத்தான் கிடைத்தது. அதை அழுத்தினால் இருபக்க ஒலியும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பல நாளாகப் பேருந்தில் கேட்டுவந்த ஒரு பாட்டில் வயலின் இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. மூன்று தடவை கேட்டாள். அதற்குப் பிறகு எந்த வேலையானாலும் மோனோவில்தான். எது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத் திரையில் ஏறி இறங்கும் அளவுக்கோடுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

இரண்டாம் பருவத்தில் மார்சிலிங்கிலிருந்து வரும் பிரேம் அவளுக்குக் கூட்டாளியானான். புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கவிருந்த குடியிருப்பாளர் விழாவுக்கு இருவரும் ஒரு பாட்டு செய்ய வேண்டும். தாளமும் மெட்டும் அவளுடையவை. பாடியவன் பிரேம். குரலை அகலமாக ஒலிக்கச் செய்கிறேன் என்று கடைசி வேலையையும் அவனே செய்து, விழா ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்பியும் விட்டான்.

விழாவுக்கு முதல்நாள் மாலை, ஒலிப்பதிவு அறையில் அஃப்னா அதைக் கேட்டாள்.

"பிரேம், உன் குரலைக் காணோம்."

அவன் ஹெட்ஃபோனை வாங்கிப் பக்கத்துக் கணினியில் செருகிக் கேட்டான். "இருக்கே. க்ளியரா இருக்கு லா."

அவள் வயரைச் சரியாகச் செருகவில்லை என்று நினைத்துக்கொண்டு அவன் பையை மூடினான். விழா நடக்கும் இடத்தின் படத்தை அவள் பார்த்திருந்தாள். தூணோரம் ஒற்றை ஸ்பீக்கர் இருந்தது; அதில் இருபக்க ஒலியும் ஒன்றாகச் சேர்ந்துதான் வரும். பேசாமல் இருந்துவிட்டால் நாளை அங்கே பாடகன் இல்லாத பாட்டுதான் ஒலிக்கும்.

"எனக்கு லெஃப்ட் காது கேக்காது," என்றாள். "சின்னப் பிள்ளையிலேர்ந்தே. அதனால மோனோவுலதான் கேப்பேன். அதுல நீ இல்ல."

பிரேம் மோனோ பொத்தானை அழுத்தினான். தாளம் இருந்தது, கீபோர்டு இருந்தது. அவன் இல்லை. குரலை இரண்டு நகலாக்கி, ஒன்றின் அலையை நேரெதிராகத் திருப்பி, பக்கத்துக்கு ஒன்றாக வைத்திருந்தான். சேர்த்தபோது ஒன்றையொன்று அழித்துவிட்டன.

பையைக் கீழே வைத்துவிட்டு அவன் மறுபடி பாடினான். அறையைப் பூட்ட ஆள் வருவதற்குள் புதிய கோப்பை அனுப்பிவிட்டார்கள். ரயில் நிலையத்துக்கு நடந்து போகும்போது பிரேம் கேட்டான்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வேற பார்ட்னர் தேடியிருப்பே."

"இருக்கலாம்," என்றான் அவன். "சாரி."

மறுநாள் விழாவில் பாட்டு ஒழுங்காக ஒலித்தது. குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், பெரியவர்கள் மீகூன் நூடுல்ஸ் தட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். குரல் ஒன்று காணாமல் போக இருந்தது அங்கே யாருக்கும் தெரியாது. கூட வந்திருந்த உம்மா முனீராவுக்கு மட்டும் அஃப்னா சொல்லியிருந்தாள். ஆறு வயதில் வந்த அந்தக் காய்ச்சலின்போது ஒருநாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம் என்று இத்தனை வருஷமாக மனதுக்குள் வைத்திருந்ததை, உம்மா அன்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். அஃப்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டு முடியும்வரை நின்றாள்.

திங்கட்கிழமை கமலாவிடம் தானாகவே போய்ச் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தேறாமல்போன பயிற்சியை மறுபடி செய்யச் சொன்னார். பிரேம் பக்கத்தில் உட்கார்ந்து தனக்குக் கேட்டதைச் சொல்லச் சொல்ல, அவள் செய்து முடித்தாள். சி பிளஸ் தரம் கிடைத்தது. இருபக்க ஒலி எப்படி இருக்கும் என்று அவன் விளக்கியது அவளுக்குப் புரியவில்லை. அதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை.

இப்போது கடைத்தொகுதிகளுக்கும் மின்தூக்கிகளுக்கும் அறிவிப்புகளும் சிற்றிசையும் செய்யும் சிறிய நிறுவனமொன்றில் அவள் வேலைப்பயிற்சி பெறுகிறாள். நேர்காணலுக்குப் போனபோது, உட்காருவதற்கு முன்பே காதைப் பற்றிச் சொல்லிவிட்டாள். கேள்வி கேட்க வந்தவர் எழுந்து, தன் நாற்காலியை மேசையைச் சுற்றி அவளுடைய வலப்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.